மிக்ஸி செய்த கசப்பு

மே மாதம், மதியம் பன்னிரண்டு மணி. ஊரிலிருந்து வருகிறவர்கள் தாம்பரம் தாண்டிவிட்டதாகப் போன் வந்தது. அரை மணியில் வாசலில் நிற்பார்கள் என்று நம்பி, ஆறு எலுமிச்சம்பழத்தை நாலு நாலாக நறுக்கி, ஒரு பிடி புதினா, சர்க்கரை, தண்ணீர் எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டு ஓட்டி வடிகட்டினேன். கண்ணைப் பறிக்கும் பச்சை. ஒரு வாய் குடித்துப் பார்த்தேன், ஜோராக இருந்தது. ஜாடியை மூடி மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

அவர்கள் வந்து சேர்ந்தபோது மணி இரண்டு. ஜாடியைத் திறந்தால் பச்சை போய், பாசி பிடித்த குட்டையின் நிறம். முதல் டம்ளரை வாங்கிய அத்தை ஒரு மிடறு குடித்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. டம்ளரை மெல்லக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “ஏண்டா, கொட்டையோட அரைச்சியா?”

ஜூஸ் கசந்திருந்தது. வேப்பிலைக் கசப்பு இல்லை. நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு இறங்க மறுக்கும் கசப்பு. கொட்டையோடுதான் அரைத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பன்னிரண்டு மணிக்குக் கசப்பே இல்லையே! மூடி வைத்த ஜாடியில் யாரும் எதையும் போடவில்லை. அந்த இரண்டு மணி நேரத்தில் கசப்பு எங்கிருந்து வந்தது?

திறந்த வளையம், மூடிய வளையம்

கசப்புக்குக் காரணமான பொருளின் பெயர் லிமோனின். எலுமிச்சை, சாத்துக்குடி, ஆரஞ்சு என்று அந்தக் குடும்பத்துப் பழங்கள் பலவற்றில் இது உண்டு. ஒரு லிட்டர் சாற்றில் சில மில்லிகிராம் கலந்தாலே போதும், நாக்கு கண்டுபிடித்துவிடும். சில மில்லிகிராம் என்றால் ஒரு சிட்டிகை உப்பின் எடைகூட இல்லை. அதை ஒரு லிட்டர் தண்ணீரின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு சொற்பம் என்பது புரியும்.

வேடிக்கை என்னவென்றால், முழுப்பழத்தின் சதையில் லிமோனின் லிமோனினாக இருப்பதில்லை. அதன் முன்னோடியாக, கசப்பே இல்லாத ஒரு பொருளாக இருக்கிறது. லிமோனின் மூலக்கூறு சில வளையங்கள் கோத்த சங்கிலிபோன்றது. முன்னோடியில் அந்த வளையங்களில் ஒன்று மட்டும் கொக்கி போடாமல் திறந்திருக்கும். திறந்திருக்கும்வரை நாக்குக்கு ருசி தெரியாது. அமிலம் பட்டால் கொக்கி மாட்டிக்கொள்கிறது. வளையம் மூடியதும் கசக்கிறது.

எலுமிச்சைக்குள்ளேயே ஏகப்பட்ட அமிலம் இருக்கிறதே, அங்கேயே மாட்டிக்கொள்ள வேண்டியதுதானே? மாட்டாது. ஏனென்றால் பழத்தின் ஒவ்வொரு செல்லும் அறை அறையாகத் தடுத்த வீடு. புளிப்பு ஓர் அறையில், முன்னோடி வேறோர் அறையில். சுவர் இருக்கிறவரை இரண்டும் சந்திப்பதில்லை. மிக்ஸியின் பிளேடு அந்தச் சுவர்களை எல்லாம் ஒரே நிமிடத்தில் இடித்துத் தள்ளுகிறது. அமிலமும் முன்னோடியும் ஒரே குளத்தில் மிதக்கத் தொடங்குகின்றன. பழத்திலேயே உள்ள ஒரு நொதியும் கொக்கி மாட்டும் வேலைக்குக் கை கொடுக்கிறது. வேலை உடனே முடிவதில்லை, மணிக்கணக்கில் நடக்கிறது. வெயில் மேசைமேல் வேகமாகவும் பிரிட்ஜுக்குள் மெதுவாகவும் நடக்கிறது. இதைத் ‘தாமதக் கசப்பு’ என்று சொல்லலாம். என் ஜாடியில் நடந்தது அதுதான்.

இது என் வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை. கலிபோர்னியாவில் புகழ்பெற்ற நேவல் ஆரஞ்சு, தோலுரித்துத் தின்ன அருமையான பழம். அதையே பிழிந்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் கசந்துபோகும். சாறு எடுக்கிறவர்கள் வாலென்சியா என்ற இன்னொரு ரகத்தை விரும்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பழம் முற்றிப் பழுக்கும்போது மரமே ஒரு வேலை செய்கிறது. அந்த முன்னோடியோடு ஒரு சர்க்கரைத் துண்டை ஒட்டிவிடுகிறது. ஒட்டியபின் கொக்கி மாட்ட வழியில்லை. அதனால் கரும்பச்சைக் காயைவிட மஞ்சள் ஏறிய பழம் கசப்புக்குக் குறைவாகவே இடம் கொடுக்கும். புளியங்குடிப் பக்கத்து எலுமிச்சைச் சந்தையில் பழத்தை நிறம் பார்த்துப் பிரித்துப் போடுவார்கள். ஊறுகாய்க்கு எது, சாற்றுக்கு எது என்று அங்கே கேட்டால் தெரியும்.

மூன்று டம்ளர்

கொட்டையா, தோலா, சதையா, யார் குற்றவாளி? வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். ஒரே மாதிரி மூன்று பழம் எடுங்கள். முதல் பழத்தைக் குறுக்கே வெட்டி, கையால் மெதுவாகப் பிழிந்து வடிகட்டி ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கவும். இரண்டாவதைத் தோலுரித்து, வெள்ளை நாரும் நீக்கி, கொட்டையோடு மிக்ஸியில் ஐந்தே வினாடி ஓட்டவும். மூன்றாவதைத் தோலோடு ஓட்டவும். மூன்றிலும் ஒரே அளவு சர்க்கரை. உடனே ஒரு சொட்டு, ஒரு மணி கழித்து ஒரு சொட்டு, மூன்று மணி கழித்து ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு சொட்டுக்கும் நடுவில் வாய் கொப்பளிக்க மறக்க வேண்டாம். கசப்பு நாக்கில் தங்கும் பேர்வழி.

முதல் டம்ளர் மாலைவரை தாக்குப்பிடிக்கும். இரண்டாவது சீக்கிரமே கெட்டுப்போகும், ஏனென்றால் கொட்டைக்குள் லிமோனின் தயாராகவே நிறைய இருக்கிறது. வளையம் மூடக்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. மூன்றாவதில் முதலில் தோலின் வாசம் தூக்கலாக இருந்து ஏமாற்றும், பிறகு வெள்ளை நார் வஞ்சம் தீர்க்கும். அத்தையின் ஒரே கேள்வியில் பாதி விடை இருந்தது. ஜூஸ் கடைக்காரர் மரக்கட்டைப் பிழியானில் பாதிப் பழத்தை ஒரே அழுத்து அழுத்திவிட்டுத் தூக்கிப் போடுகிறாரே, அது அவசரம் என்று நினைத்திருந்தேன். மிச்சத்தை ஒட்டப் பிழியாமல் விடுவதில்தான் அவருடைய ருசி இருக்கிறது.

தோலின் மேல் தோல்

தோலை முழுக்கக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் நியாயமில்லை. குற்றம் வெள்ளை நாரில். அதற்கு மேலே இருக்கும் மஞ்சள் படலத்தில் பொட்டுப் பொட்டாக எண்ணெய்ப் பைகள் இருக்கின்றன. எலுமிச்சை ‘வாசம்’ என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அங்கேதான். சாற்றில் இருப்பது பெரும்பாலும் புளிப்பு. பைகளைப் பார்க்க ஆசையாக இருந்தால் இருட்டில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, தோல் துண்டை மஞ்சள் பக்கம் சுடரைப் பார்க்கும்படி சட்டென்று மடியுங்கள். பொறி பொறியாய் ஒரு குட்டி மத்தாப்பு. தெறித்தது எரியக்கூடிய எண்ணெய். குழந்தைகள் செய்தால் பக்கத்தில் நிற்கவும்.

இந்த எண்ணெய் தண்ணீரில் கரையாது. சர்க்கரைக் கற்களை வைத்துத் தேய்த்தால் பைகள் உடைந்து, எண்ணெய் சர்க்கரையில் ஊறிவிடும். நாலு பழத்தின் மேல்தோலில் சர்க்கரையை ஒரு நிமிடம் தேயுங்கள், கை மணப்பது மாலைவரை போகாது. வெள்ளை தெரிகிற அளவுக்குத் தேய்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

புதினாவின் முதுகு

புதினாவுக்கும் இதே கதைதான். அதன் எண்ணெய் இலைக்குள் இல்லை. இலையின் மேற்பரப்பில், அதிலும் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத குமிழ்களில் இருக்கிறது. பனித்துளிபோல நிற்கும் இந்தச் சுரப்பிகளை உடைக்க மிக்ஸி தேவையே இல்லை. இலைகளை ஒரு உள்ளங்கையில் வைத்து இன்னொரு கையால் பட்டென்று ஒரு தட்டு. வாசம் எழுந்துவிடும்.

அரைத்தால் என்ன ஆகும்? குமிழோடு சேர்ந்து இலையின் உள் செல்களும் உடைந்து, புல் வாடையும் துவர்ப்பும் பச்சையமும் வெளியே வரும். பச்சைய மூலக்கூறின் நடுவில் ஒரு மெக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கிறது. பச்சைக்கு அதுதான் ஆதாரம். அமிலம் அந்த அணுவைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தன் ஹைட்ரஜனை அங்கே உட்கார வைக்கிறது. பச்சை மங்கிப் பழுப்பேறுகிறது. புளி விட்டுக் கடைந்த கீரையின் நிறமும் இதே கதைதான். கீரையை மூடாமல் வேக வைக்கச் சொல்வதும் இதனால்தான். இலையிலிருந்து வெளியேறும் அமில ஆவி மூடியில் பட்டுத் திரும்பக் கீரையிலேயே சொட்டக் கூடாது. என் ஜாடி குட்டை நிறத்துக்குப் போன மர்மம் இதோடு தீர்ந்தது. எலுமிச்சையையும் புதினாவையும் ஒன்றாக அரைத்ததில் இரண்டும் ஒன்றையொன்று கெடுத்திருக்கின்றன.

சூடில்லாத பொய், குளிரில்லாத பொய்

புதினா போட்டால் ‘ஜில்’லென்று இருப்பதாகச் சொல்கிறோம். தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தால் அரை டிகிரிகூடக் குறைந்திருக்காது. பொய் சொல்வது நரம்பு. வாயிலும் தோலிலும் உள்ள சில நரம்பு நுனிகளில் குளிருக்கென்றே ஒரு வாசல் இருக்கிறது. வெப்பம் சுமார் 25 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது அது திறந்து, மூளைக்குக் ‘குளிர்’ என்று தகவல் போகும். மெந்தால் என்ற பொருள் அதே வாசலை வெதுவெதுப்பிலேயே திறந்துவிடுகிறது. 2002-ல் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவரின் ஆய்வுக்கூடங்களும் தனித்தனியே இந்த வாசலைக் கண்டுபிடித்தன. மிளகாயின் காரத்தைச் ‘சூடு’ என்று நம்பவைக்கும் வாசலை ஜூலியஸ் அதற்கு முன்பே கண்டிருந்தார். வெப்பத்தையும் தொடுகையையும் உடல் உணரும் விதத்தைக் கண்டறிந்ததற்காக இருவருக்கும் 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே ஒரு சின்னத் திருத்தம். மெந்தால் கொட்டிக் கிடப்பது மிட்டாய்க்கும் தைலத்துக்கும் எண்ணெய் எடுக்கும் புதினாவில். உத்தரப்பிரதேசத்தில் பாரபங்கி வட்டாரத்தில் ஏக்கர் ஏக்கராக அதைப் பயிரிடுகிறார்கள். சட்னிக்கு நாம் கட்டு வாங்கும் புதினா பெரும்பாலும் வேறு இனம். அதில் மெந்தால் சொற்பம், கார்வோன் என்ற பொருள்தான் தூக்கல். அதனால் வீட்டு ஜூஸின் குளிர்ச்சி மிட்டாய் அளவுக்கு மூக்கில் ஏறாது. இந்தக் கார்வோனுக்கு ஒரு இரட்டைப் பிறவி உண்டு. அதே அணுக்கள், அதே இணைப்பு, ஆனால் இடக்கையும் வலக்கையும்போலத் திருப்பி வைத்த உருவம். ஒன்று புதினாவாக மணக்கிறது. மற்றது சதகுப்பையில் இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் ஒரு பிடி சதகுப்பை வாங்கிக் கசக்கி முகர்ந்து பாருங்கள். மூக்கு எந்தக் கை என்றுகூடப் பார்க்கிறது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

கரையாத சர்க்கரை

ஐஸ் தண்ணீரில் சர்க்கரை கரையாது என்பார்கள். கரையும், தாராளமாகக் கரையும். உறைநிலையை ஒட்டிய 100 மில்லி தண்ணீர் ஏறக்குறைய 180 கிராம் சர்க்கரையை ஏற்கும். சிக்கல் அளவில் இல்லை, வேகத்தில். குளிரில் நீர் மூலக்கூறுகள் சோம்பலாக நகர்கின்றன. சர்க்கரைக் கல்லைச் சுற்றிக் கெட்டியான ஒரு பாகுப் போர்வை உருவாகி அங்கேயே நிற்கிறது. கரண்டியால் கலக்குவது என்பது அந்தப் போர்வையை உருவுவது.

அதைவிடச் சுலபம், முன்கூட்டியே பாகு செய்து வைப்பது. தோலில் தேய்த்த 200 கிராம் சர்க்கரையில் 150 மில்லி கொதிநீரை ஊற்றி, அடுப்பில் வைக்காமல் கலக்குங்கள். அடுப்பில் கொதித்தால் எண்ணெய் வாசம் சமையலறைக்குப் போய்விடும், டம்ளருக்கு வராது. இரண்டு மேசைக்கரண்டிப் பாகில் சுமார் 20 கிராம் சர்க்கரை இருக்கும். ஒரு டம்ளருக்கு அது போதும். ருசி பார்க்கும்போது கொஞ்சம் தித்திப்பாகத் தோன்றினால் பயப்பட வேண்டாம். குளிர்ந்த நாக்குக்கு இனிப்பு மட்டாகத்தான் தெரியும். உருகிப்போன ஐஸ்கிரீம் திகட்டுவது அதனால்தான்.

ஐஸ் கணக்கு

இப்போது நிதானமாக ஒரு கணக்கு. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பத்தை ஒரு கலோரி என்று வைத்துக்கொள்வோம். டம்ளரில் 200 மில்லி ஜூஸ், 30 டிகிரியில் இருக்கிறது. குடிக்க இதமாக 5 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். 25 டிகிரி இறக்க, 200 கிராமிலிருந்து 5000 கலோரியை வெளியே எடுக்க வேண்டும்.

உறைநிலைத் தண்ணீரை, அதாவது ஐஸ் இல்லாத பூஜ்ஜிய டிகிரித் தண்ணீரைச் சேர்த்தால்? அது 5 டிகிரிவரை சூடேறும்போது கிராமுக்கு ஐந்தே கலோரி விழுங்கும். 5000 கலோரிக்கு ஒரு லிட்டர் ஊற்ற வேண்டும்! ஐஸ் அப்படி இல்லை. உருகுவதற்கு மட்டுமே கிராமுக்கு 80 கலோரி சாப்பிடுகிறது. சூடு ஏறுகிறதென்று தெர்மாமீட்டர் காட்டாத, கமுக்கமான சாப்பாடு இது. உருகிய பின் இன்னும் 5. ஆக 85. ஐயாயிரத்தை 85-ஆல் வகுத்தால் 59 கிராம் ஐஸ். என் வீட்டு அச்சில் ஒரு கட்டி 15 கிராம், அதனால் நாலு கட்டி.

ஆனால் அந்த 59 கிராமும் தண்ணீராகி டம்ளரில்தானே இருக்கிறது? 200 மில்லி ஜூஸ் இப்போது 259 மில்லி. புளிப்பு, இனிப்பு, வாசம் மூன்றும் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நீர்த்துவிட்டன. ‘ஐஸ் போட்டா சப்புனு ஆயிடுது’ என்ற புகாரின் கணக்கு இதுதான். எனவே கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். கடைசியில் 200 மில்லி வேண்டுமென்றால் 155 மில்லி ஜூஸும் மூன்று கட்டி ஐஸும். அந்த 155 மில்லிக்குள் முழுப்பழத்தின் சாறும் இரண்டு கரண்டிப் பாகும் இருக்க வேண்டும். ஐஸ் போடுவதற்கு முன் குடித்துப் பார்த்தால் அடர்த்தியாக, முகம் சுளிக்கும்படிகூட இருக்கும். இருக்கட்டும். (பிரீசரிலிருந்து எடுத்த கட்டி பூஜ்ஜியத்துக்கும் கீழே இருப்பதால் இன்னும் கொஞ்சம் குறைவாகவே போதும். அதை டம்ளரின் சூடு ஈடுகட்டிவிடும்.)

டம்ளரின் வெளியே வேர்க்கிறதே, அதைத் துடைத்துவிட்டுக் கணக்கை முடிக்கலாம். காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்த சுவரில் பட்டு நீராகும்போது கிராமுக்குச் சுமார் 580 கலோரியை டம்ளருக்குக் கொடுக்கிறது. வெளியே ஒரு கிராம் வேர்த்தால் உள்ளே ஏழு கிராம் ஐஸ் காலி. சென்னைப் புழுக்கத்தில் ஐஸ் சீக்கிரம் கரைவதற்கு வெயில் மட்டும் காரணமில்லை. மண்பானை இதே கணக்கை எதிர்ப்பக்கமாக ஓட்டுகிறது. கசிந்து ஆவியாகும் ஒவ்வொரு கிராமும் 580 கலோரியை உள்ளே இருக்கும் தண்ணீரிலிருந்து பிடுங்கிப் போகிறது. காற்று உலர்ந்த ஊர்களில் பானைத் தண்ணீர் சில்லிடுவதும், கடற்கரை ஊர்களில் அரைகுறையாக நிற்பதும் இதனால்தான்.

ஒரு சிட்டிகை

உப்பைக் கடைசிக்கு வைத்தேன். ஒரு சிட்டிகை, உப்பு ருசி தெரியாத அளவு. உப்பிலுள்ள சோடியம் நாக்கில் கசப்பை அமுக்குகிறது. கசப்பின் காலடியில் கிடந்த இனிப்பு எழுந்து நிற்கிறது. பிரெஸ்லின், பியூசாம்ப் என்ற இரு ஆய்வாளர்கள் 1997-ல் கசப்பும் சர்க்கரையும் சோடிய உப்பும் கலந்து கொடுத்து இதைக் காட்டினார்கள். அன்று என் ஜாடியில் ஒரு சிட்டிகை உப்பு போட்டிருந்தால் அத்தை இன்னும் இரண்டு மிடறு குடித்திருப்பார்.

உப்பும் சர்க்கரையும் சேர்ந்தால் குடலிலும் ஒரு வேலை நடக்கிறது. குடல் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் கைகோத்தால்தான் நுழைய முடிகிற வாசல் ஒன்று உண்டு. அவை போகிற வழியில் தண்ணீரும் பின்னாலேயே போகும். ராபர்ட் கிரேன் இதை 1960-ல் முன்வைத்தார். 1971-ல் வங்காள அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மகாலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை அண்டா அண்டாவாகக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து ஏராளமானோரைக் காப்பாற்றினார். வயிற்றுப்போக்குக்கு வீட்டில் கலக்கும் அளவு, ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. நம் எலுமிச்சை ஜூஸில் சர்க்கரை அதைவிட மூன்று நாலு மடங்கு அதிகம். அந்த அளவுச் சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கலாம். ஆகவே இது வெயிலுக்கு மட்டும்; நோயாளிக்கு உப்பு–சர்க்கரைக் கரைசல்தான்.

மறுபடியும் ஜாடி

போன ஞாயிற்றுக்கிழமை அத்தை மறுபடி வந்திருந்தார். மஞ்சள் ஏறிய நாலு பழம். தோலில் சர்க்கரை தேய்த்துப் பாகு செய்து முந்தின நாள் இரவே பிரிட்ஜில். அவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் பழத்தைக் குறுக்கே வெட்டி, கொட்டையைக் கத்தி நுனியால் எடுத்து, அரைகுறையாகவே பிழிந்தேன். புதினாவை உள்ளங்கையில் ஒரு தட்டு. ஊற வைத்த சப்ஜா விதை ஒரு கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, மூன்று கட்டி ஐஸ்.

அத்தை குடித்தார். டம்ளரைக் கீழே வைக்கவில்லை. பிழிந்துபோட்ட பழ மூடிகளைப் பார்த்துக்கொண்டே, “இன்னும் எவ்வளவு சாறு இருக்கு பாரு இதுல, ஒட்டப் பிழியக்கூடத் தெரியலையா உனக்கு?” என்றார். நான் லிமோனினைப் பற்றி ஆரம்பிப்பதற்குள் மூடிகளை வாரி எடுத்துக்கொண்டு, உப்பு ஜாடி எங்கே இருக்கிறது என்று கேட்டபடி சமையலறைக்குள் போய்விட்டார், ஊறுகாய் போட.